எந்த வருஷத்து மிஷினுக்கும்

குருவிநத்தம்,
20.1.2025

கொக்கு மார்க் இடியாப்ப மிஷின் கம்பெனி முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சுலோசனா. உங்கள் பெட்டி மேல் போட்டிருக்கும் போன் நம்பருக்கு ஒரு வாரமாக அடித்துப் பார்த்துவிட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சலிக்காமல் சொல்கிறாள். அவளோடு எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவது? அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது உங்கள் பெரிய சைஸ் பித்தளை மிஷின். 1966-ல் என் மாமியார் ஆதிலட்சுமிக்குக் கல்யாணச் சீரில் வந்தது. மூன்று காலும், மேலே சுற்றுகிற திருகும், நடுவில் மாவு போடுகிற குழலும் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கின்றன. குழலின் அடியில் உட்காரும் ஓட்டைத் தட்டு மட்டும் போன கார்த்திகையில் விரிசல் விட்டுப் போயிற்று. பாகூர் பாத்திரக் கடையில் உங்கள் கொக்கு மார்க் தட்டே புதிதாக வாங்கினேன். அது குழலுக்குள் ஆடுகிறது. திருகினால் மாவு ஓட்டை வழியாக இறங்காமல் தட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது.

நான் பொழுதுபோக்குக்கு இடியாப்பம் பிழிகிறவள் இல்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு எதிரே லில்லி நடத்துகிற மெஸ்ஸுக்குத் தினமும் காலையில் என் வீட்டிலிருந்துதான் இடியாப்பம் போகிறது. கார்த்திகையில் அடித்த புயலுக்குப் பிறகு எங்கள் நிலத்தில் ஆற்று மணல் ஏறிக் கிடக்கிறது. இப்போதைக்கு எங்கள் அடுப்பு எரிவது அந்த மெஸ்ஸால்தான். தட்டு ஆடாமல் இருக்க, எல்லாரும் செய்வது போல வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நர்ஸ் பெண் சாப்பிட்ட இடியாப்பத்தில் நூல் வந்துவிட்டது. லில்லி நல்லவள்தான். ஆனாலும் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தபா நூலு வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேங்க்கா, கோச்சிக்காத."

என் மகன் முத்துக்குமரனை வில்லியனூருக்கு உங்கள் கடைக்கே அனுப்பினேன். கல்லாவில் இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "கொக்கு மார்க்குல அளவு மாறவே மாறாது. உங்களுது டூப்ளிகேட்டு." என் மாமியார் சீரோடு கொண்டுவந்ததை டூப்ளிகேட் என்று சொல்ல அவர் யார்?

உங்கள் பெட்டியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "எந்த வருஷத்து மிஷினுக்கும் எந்த வருஷத்துத் தட்டும் பொருந்தும்." இது உண்மையா, சும்மா அச்சடித்ததா? எனக்கு பதில் வேண்டும்.

சுலோசனா

---

சுப்பராயலு அண்ட் சன்,
வில்லியனூர்,
27.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வைத்தியலிங்கம் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் புகார் வாங்குவதில்லை என்பது என் அப்பா சுப்பராயலு போட்ட சட்டம். எழுதிக் கேட்டால் முதலாளியே கைப்பட பதில் எழுத வேண்டும் என்பதும் அவர் போட்டதுதான். அதற்குப் பெரிதாக வேலை வந்ததில்லை. தட்டைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் எங்களுக்கு வந்ததில்லை. உங்களுடையதுதான் முதல்.

1951-ல், பிரெஞ்சுக்காரன் இன்னும் இங்கே இருந்தபோது, அப்பா இந்த மிஷினைப் போட ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஒரு வருஷம்கூட நிறுத்தவில்லை. எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, கரண்டில் ஓடுவதும் வந்துவிட்டது. கூட இருந்த கம்பெனிகள் ஆளுக்கொரு மாடலாக மாற்றி மாற்றிக் கடைசியில் காணாமலே போயின. நாங்கள் திருகின் புரியைக்கூட மாற்றவில்லை. பெட்டி மேல் இருக்கும் வரி அப்பா தன் வாயால் சொல்லி எழுதவைத்தது. அது சும்மா அச்சடித்தது இல்லை.

கல்லாவில் இருந்தவன் என் மகன் தமிழ்ச்செல்வன். டூப்ளிகேட் என்று அவன் சொல்லியிருக்கக் கூடாது, கண்டித்திருக்கிறேன். ஆனால் அளவு மாறாது என்று சொன்னானே, அது சத்தியம். உங்கள் மிஷின் அசல்தான் என்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். தினமும் திருகித் திருகி உங்கள் குழல் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். பித்தளை தேயும் அம்மா. அதற்கு நானோ நீங்களோ என்ன செய்ய முடியும்?

வைத்தியலிங்கம்

---

குருவிநத்தம்,
3.2.2025

ஐயா அவர்களுக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. பதிலில் எனக்குத் திருப்தி இல்லை.

குழல் தேய்ந்தது என்கிறீர்கள். மாவு என்ன அரமா? மாவு பட்டுப் பித்தளை தேயும் என்றால் எங்கள் வீட்டுச் சருவம், குண்டான் எல்லாம் இந்நேரம் காகிதமாகியிருக்க வேண்டும். பழைய தட்டு விரிசல் விடும் நாள்வரைக்கும் அதே குழலில் கச்சிதமாக உட்கார்ந்திருந்ததே. குழல் அகன்றிருந்தால் அதுவும்தானே ஆடியிருக்கும்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சொல்லுங்கள்.

விரிசல் விட்ட தட்டை அனுப்ப மாட்டேன். அது தொலைந்தால் சாட்சிக்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாகக் காலண்டர் அட்டையில் அதை வைத்து வரைந்து, கத்தரித்து, இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் புதுத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கண் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

சுலோசனா

---

வில்லியனூர்,
12.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அட்டை வந்தது. வைத்துப் பார்த்தேன். புதுத் தட்டைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அகலமாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அட்டை அட்டைதான். பென்சில் வெளியே போயிருக்கலாம், கத்தரி விலகியிருக்கலாம். தட்டே விரிசல் விட்டுக் கொஞ்சம் விரிந்தும் இருக்கலாம். காலண்டர் அட்டையை நம்பி எங்கள் அளவைச் சந்தேகப்பட என் மனம் ஒப்பவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கிற சாமான் அம்மா இது.

வாக்குவாதம் எதற்கு? புது மிஷின் ஒன்றை முழுசாக, உங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். விலை வேண்டாம். பெரிய அண்ணன் வீட்டிலிருந்து வந்த சீர் என்று நினைத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸுக்குத் தடையில்லாமல் இடியாப்பம் போகட்டும்.

வைத்தியலிங்கம்

---

குருவிநத்தம்,
20.2.2025

ஐயா அவர்களுக்கு,

உங்கள் சீரை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. நான் கேட்டது தட்டு. வாயை அடைக்க மிஷின் கேட்கவில்லை. என் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "இலவசமா வர்றத ஏம்மா வாணான்ற? உனுக்கு இன்னா வந்துச்சு?" என்றான். எனக்கு என்ன வந்தது என்று அவனுக்கு விளங்கவைக்க முடியவில்லை. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டால் என் மாமியார் மிஷின் தேய்ந்தது, நீங்கள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். ஆகாது.

அதோடு இன்னொரு மிஷினும் அனுப்பியிருக்கிறேன். அது எங்கள் தெரு புவனேஸ்வரி அக்காவுடையது. 1969-ல் அவர்கள் கல்யாணத்துக்கு வந்தது. அவர்கள் வீட்டுக்காரருக்கு இடியாப்பம் என்றால் முகம் சுளிக்கும், அதனால் வந்த நாளிலிருந்து பரண் மேலேயே கிடக்கிறது. ஒரே ஒரு இடியாப்பம்கூட அதில் பிழிந்ததில்லை. தேய்ந்துவிட்டது என்று இதையும் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் கொக்கு மார்க் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போனேன். மிஷினோடு வந்த தட்டையே வைத்திருப்பவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. இடையில் தட்டு மாற்றிய ஏழு வீட்டிலும் துணி சுற்றித்தான் பிழிகிறார்கள். வேட்டிக்கரை, ரவிக்கைத் துணி, பழைய தலையணை உறை. ஏன் என்று கேட்டால் ஒரு வீட்டைத் தவிர எல்லாரும் ஒன்றுபோல, "நம்ப மிஷினு பழசாயிடுச்சி இல்ல" என்கிறார்கள். ஒருத்தருக்கும் உங்கள் தட்டின் மேல் சந்தேகமே வரவில்லை, கொக்கு மார்க் மேல் அவ்வளவு நம்பிக்கை. உங்களுக்குப் புகார் வராததற்குக் காரணம் இதுதான் ஐயா. பெருமைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

சுலோசனா

---

வில்லியனூர்,
10.3.2025

அம்மா,

உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

புவனேஸ்வரி அம்மாளின் மிஷினைக் கடையிலேயே வைத்துப் பிரித்தேன். குழல் அன்று வார்த்தது போல இருந்தது. எங்கள் புதுத் தட்டு ஒன்றை எடுத்து உள்ளே போட்டேன். ஆடியது. இன்னொன்று போட்டேன், அதுவும் ஆடியது. பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். "போதும் வுடுப்பா, எல்லாம் ஒரே மாதிரிதான ஆடுது" என்று தமிழ்ச்செல்வன் கையைப் பிடித்தான்.

எப்படி நடந்தது என்பதைப் பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். தட்டை வார்ப்பதற்கு முதலில் ஒரு மாதிரி வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் பித்தளையை உருக்கி ஊற்றுவார்கள். ஊற்றிய பித்தளை ஆறும்போது சிறிது சுருங்கும். அதனால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். 1951-ல் ஆசாரி மரத்தில் செய்துகொடுத்த மாதிரி அப்படித்தான் இருந்தது. அது உளுத்துப்போனது 1971-ல். அப்பா வியாபாரி, வார்ப்பு வேலை அவருக்குத் தெரியாது. "புதுசா ஒருத்தன் செஞ்சா அளவு முன்னபின்ன பூடும். நம்ம தட்டையே மாதிரியா வெச்சிக்கினா எப்புடி மாறும்?" என்று சொல்லி, விற்பனைக்கு வைத்திருந்த ஒரு தட்டையே மண்ணில் பதிக்கச் சொன்னார். நல்ல யோசனை என்று எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். அதில் வார்த்த தட்டு அரை நூல் சுருங்கிவிட்டது. 1993-ல் அந்த மாதிரியும் மழுங்கிப்போக, சுருங்கிய தட்டையே திரும்பவும் மாதிரியாக வைத்தார்கள். இன்னும் அரை நூல் போயிற்று. குழலுக்கும் அதே கதைதான். குழலும் தட்டும் சேர்ந்தே சுருங்கியதால் புதுப் பெட்டிக்குள் இருப்பது ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டே இருந்தது. மாறக் கூடாது என்ற பிடிவாதத்திலேயே மாற்றி வைத்திருக்கிறோம் அம்மா. எனக்கு வருகிற கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். 1951-லிருந்து இதுதான் முதல் தடவை. பழைய அளவுக்கே திரும்பினால் முப்பது வருஷமாக எங்களிடம் வாங்கியவர்களுக்குத் தட்டு உள்ளே நுழையாது. இப்படியே விட்டால் உங்களுக்கும் அந்த ஏழு வீட்டுக்கும் பொருந்தாது. "பெட்டில இருந்து அந்த வரிய எடுத்துட்டா தீந்துச்சுப்பா" என்கிறான் என் மகன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. பொய் என்று தெரிந்த பிறகு அதை எப்படி அச்சடிப்பேன்?

உங்கள் மிஷின் டூப்ளிகேட் இல்லை. தேயவும் இல்லை. உங்கள் மாமியார் உயிரோடு இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

வைத்தியலிங்கம்

---

குருவிநத்தம்,
17.3.2025

ஐயா அவர்களுக்கு,

மாமியார் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உங்கள் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன். உள்ளே இருந்த என் மகன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஓடிவந்தான்.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். மறைத்திருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது? அதற்காக உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனால் வரியை எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் வந்த மரியாதை பாதி போய்விட்டது.

வரியை எடுப்பது சுலபம். உங்கள் மகனுக்கு அதுதான் பிடிக்கும், கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். அந்த வரியை நம்பி வாங்கியவர்கள் நாங்கள். எங்களைக் கேட்காமல் எடுக்க உங்களுக்கு என்ன உரிமை? பொய்யாகிவிட்டது என்றால் அதை மெய்யாக்குங்கள். பாட்டா கடையில் ஒரே செருப்பை எத்தனை அளவில் வைத்திருக்கிறான்? மூன்று அளவாகச் சுருங்கியிருக்கிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? மூன்றையும் போடுங்கள். எழுபத்தொன்றுக்கு முன்னால் வாங்கியவர்களுக்கு ஒன்று, தொண்ணூற்று மூன்று வரை வாங்கியவர்களுக்கு ஒன்று, அதற்கு அப்புறம் வாங்கியவர்களுக்கு ஒன்று. வேலை கூடத்தான் செய்யும். கூடட்டும். எங்கள் வேலை கூடவில்லையா?

என் கதையையும் கேளுங்கள். துணி சுற்றுவதை விட்டுவிட்டேன். கையால் அழுத்துகிற சின்ன அச்சில்தான் மெஸ்ஸுக்கு முழுவதும் பிழிகிறேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கரண்டில் ஓடுவதை வாங்கு என்று என் மகன் சொல்கிறான். வாங்க மாட்டேன் என்றேன். பங்குனி முடிகிறவரை பொறுப்பதாக லில்லி சொல்லியிருக்கிறாள். அதற்குள் எனக்குத் தட்டு வர வேண்டும். புவனேஸ்வரி அக்காவின் மிஷின் உங்களிடமே இருக்கட்டும், அளவுக்கு உதவும். திருப்பிக் கொடுக்கும்போது துடைத்துக் கொடுங்கள்.

சுலோசனா

---

வில்லியனூர்,
5.4.2025

அன்புள்ள சுலோசனா அம்மாவுக்கு,

திட்டு வாங்கிப் பல காலமாகிவிட்டது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வார்ப்புப் பட்டறைக்குப் போனேன்.

மூன்று அளவுக்கும் மரத்தில் புது மாதிரி செய்தாயிற்று. இந்த முறை சுருக்கத்துக்கு இடம் விட்டுச் செய்திருக்கிறோம். பழைய அளவை புவனேஸ்வரி அம்மாளின் மிஷினிலிருந்து எடுத்தேன். நடு அளவுக்குத்தான் அலைச்சல். அந்தக் காலத்து மிஷின் ஒன்றைத் தேடி அரியாங்குப்பம் வரை போக வேண்டியிருந்தது. முதல் தடவை ஊற்றியது சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் உடைத்துத் திரும்ப உருக்கச் சொன்னேன். "இது ஆவாத வேலப்பா" என்று சொல்லிக்கொண்டே தமிழ்ச்செல்வன் அரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இப்போது என்னைவிட அவன்தான் குழலில் போட்டுப் போட்டுப் பார்க்கிறான். கொஞ்சம் ஆடினாலும் தூக்கி எறிகிறான்.

முதல் அளவுக்குத் தட்டில் ஒரு புள்ளி, நடு அளவுக்கு இரண்டு, இப்போதைய அளவுக்கு மூன்று என்று குத்தியிருக்கிறோம். பெட்டி மேல் அந்த வரி அப்படியே இருக்கிறது. "மிஷினைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்து வாங்கவும்" என்று கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன். சரக்கு மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி வைத்த அந்த நாட்களை எங்கள் கணக்கில் மறைக்கப்போவதில்லை. 1951 முதல் தொடர்ந்து என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், இனிமேல் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டியதுதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் ஒரு புள்ளித் தட்டை, இங்கே வந்திருக்கும் உங்கள் மகன் முத்துக்குமரனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆடினால் திருப்பி அனுப்புங்கள், திரும்ப வார்க்கிறேன். வரும் 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்று அளவுத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு நானே குருவிநத்தம் வருகிறேன். துணி சுற்றிய ஏழு வீட்டுக்கும் போய், குழலில் போட்டுப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். முதலில் உங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆசை.

வைத்தியலிங்கம்

---

குருவிநத்தம்,
8.4.2025

ஐயா அவர்களுக்கு,

தட்டு உட்கார்ந்துவிட்டது. திருகினேன், பக்கத்தில் ஒரு துளி மாவு பிதுங்கவில்லை. மழை இறங்குவது மாதிரி இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை எழுத என்ன வெட்கம்? இன்று காலை லில்லி மெஸ்ஸுக்கு இந்தத் தட்டில் பிழிந்த இடியாப்பம்தான் போனது. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கை சரியாயிடுச்சா?" என்று கேட்டாளாம். கையில் ஒன்றும் கோளாறு இல்லை, தட்டில்தான் கோளாறு என்று முத்துக்குமரன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். ஆனால் முதலில் எங்கள் வீட்டுக்கு வராதீர்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை, நான்தான் உங்களைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேனே.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அமுதம் அக்கா வீடு. அந்த ஏழில் அவர்களும் ஒன்று. எண்பத்தெட்டில் மாமியார் வாங்கிய மிஷினுக்கு, அக்கா கல்யாணமாகி வந்த தொண்ணூற்று ஐந்தில் புதுத் தட்டு போட்டார்கள். அன்றிலிருந்து துணி சுற்றினாலும் மாவு பக்கத்தில் பிதுங்குகிறது. மிஷின் வாங்கி அப்போது ஏழு வருஷம்தான், பழசு என்று சொல்ல முடியாது, அதனால் பழி முழுவதும் புது மருமகளான அக்கா மேல் விழுந்தது. மாவு பிசையத் தெரியாதவள், பதம் தெரியாதவள் என்று மாமியார் சாகிறவரைக்கும் சொன்னார். இப்போது அக்கா வீட்டுக்காரர் சொல்கிறார், வந்தவர் போனவர் முன்னாலேயும் சொல்கிறார். "எனுக்கு அந்தப் பக்குவமே வரலடி சுலோ" என்று போன மாதம்கூட அக்கா என்னிடம் சொன்னார்கள். சொந்த மகள் கல்யாணத்தில் மறுவீட்டு விருந்துக்கு இடியாப்பம் பிழிய என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை.

உங்கள் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதனால் நேராக அங்கே போங்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள், அப்போதுதான் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். இந்த முப்பது வருஷமும் மாவு மேல் தப்பில்லை, பிசைந்த கை மேலும் தப்பில்லை, தப்பு எங்கள் தட்டு மேல்தான் என்று கொக்கு மார்க் முதலாளியான நீங்கள் உங்கள் வாயால், அவர் காதில் விழும்படி, உரக்கச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு தட்டைக் கொடுங்கள்.

சுலோசனா